பூனை நாக்கு பிஸ்கட்

மெல்லிய வெண்ணெய் பிஸ்கட்டுகளில் வீட்டில் செய்ய மிகவும் ஏற்றது பிரான்சின் 'லாங் த ஷா'. விரல் நீளத்தில், மெலிந்து, பூனையின் நாக்கைப் போல முனை உருண்டிருக்கும். பெயரும் அதையே சொல்கிறது. வெண்ணெய், பொடித்த சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, மைதா நான்கும் சம எடை. இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு ஏறக்குறைய 60 கிராம் வரும். மற்றவையும் தலா 60 கிராம் எடுத்தால் முப்பது பிஸ்கட் வரை தேறும்.

பேக்கரியில் கிடைக்கும் நெய் பிஸ்கட் வாயில் போட்டதும் உதிரும். இது உதிரக் கூடாது, படக்கென்று ஒடிய வேண்டும். நெய் பிஸ்கட்டில் மாவின் துகள்களைக் கொழுப்பு பூசிவிடுவதால் அவை ஒன்றோடொன்று பிடிப்பதில்லை. பூனை நாக்கில் பிடிப்பைத் தருவது சர்க்கரை. ஈரத்தில் கரைந்த சர்க்கரை, நீர் வற்றி ஆறும்போது கண்ணாடியாக இறுகுகிறது. ஆகவே ஓவனில் நடக்கிற வேலையில் பெரும்பங்கு நீரை வெளியேற்றுவதுதான். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு நீர். வெண்ணெயிலும் 16 சதவீதம் வரை இருக்கும். தடிமனாக வார்த்தால் நடுவிலுள்ள ஈரம் போவதற்குள் ஓரம் கருகிவிடும். மெலிவு இங்கே அழகுக்காக வந்ததல்ல. மஞ்சள்கருவை ஒதுக்குவதும் பிஸ்கட் படக்கென்று ஒடிவதற்காகத்தான்: அதன் கொழுப்பு அதை மிருதுவாக்கிவிடும்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழிய வேண்டும். ஆனால் உருகியிருக்கக் கூடாது. உருகிய வெண்ணெய் சேர்ந்த மாவு தட்டில் கட்டுப்பாடில்லாமல் பரவும். சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னைச் சமையலறையில் வெண்ணெய் கால் மணி நேரத்திலேயே தளர்ந்துவிடும் என்பதால், கலந்த மாவைச் சற்று நேரம் குளிர்பெட்டியில் வைப்பது நல்லது. வெண்ணெயும் சர்க்கரையும் குழைந்த பிறகு வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்காமல் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கலவை திரிந்தாற்போலத் தெரிந்தால் ஒரு கரண்டி மைதா அதைச் சரிசெய்யும். மைதா முழுவதும் போட்டபின் அதிகம் கிளறினால் மாவு இழுபட்டு பிஸ்கட் கடினமாகும். கடையில் விற்கும் உப்பு வெண்ணெயே போதும், தனியாக உப்பு வேண்டாம். வனஸ்பதி மட்டும் கூடவே கூடாது. அது வாயின் சூட்டில் முழுதாக உருகாமல் நாக்கில் படியும்.

பைப்பிங் பையோ, மூலை வெட்டிய கெட்டியான பிளாஸ்டிக் உறையோ எதுவானாலும் சரி. காகிதம் விரித்த தட்டில் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கோடுகளாகப் பிழிய வேண்டும். தட்டில் வெண்ணெய் தடவினால் மாவு வழுக்கிப் பரவும். முன்கூட்டியே 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய ஓவனில் எட்டு முதல் பத்து நிமிடம் பிடிக்கும். வீட்டு ஓ.டி.ஜி. அடுப்புகளில் சூடு ஒரே சீராக இருப்பதில்லை. அதனால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைக்க வேண்டும். கடிகாரத்தைவிட ஓரத்தை நம்புவதே மேல்: ஓரம் பொன்னிறம், நடு வெளிர் மஞ்சள் என்றால் பதம்.

வெளியே எடுத்ததும் பிஸ்கட் வளையும். வேகவில்லையோ என்று மீண்டும் உள்ளே தள்ளிப் பலர் கருக்குவது இந்த இடத்தில்தான். சர்க்கரை சூட்டில் இளகியிருக்கிறது, அவ்வளவே; ஆறினால் இறுகும். இதே மாவை வட்டமாக வார்த்து, அந்த இளக்கம் போவதற்குள் பூரிக்கட்டையின் மேல் போட்டு வளைத்தால் கூரை ஓடு வடிவில் 'ட்வீல்' கிடைக்கும்.

இந்தப் பிஸ்கட் பிரான்சோடு நிற்கவில்லை. இந்தோனேசியாவில் இதை 'லிடா குச்சிங்' என்கிறார்கள். ஈகைப் பெருநாளுக்குச் செய்து மூடி இறுக்கமான ஜாடிகளில் அடைத்து வைக்கிறார்கள். ஜப்பானின் சப்போரோவில் 1976 முதல் விற்கப்படும் 'ஷிரோய் கோயிபித்தோ' இரண்டு பூனை நாக்குகளுக்கு இடையே வெள்ளைச் சாக்லேட் வைத்தது.

இறுகிய சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்களில் திறந்து வைத்த பிஸ்கட் சில மணி நேரத்தில் நமத்துவிடும். சூடு முழுக்க ஆறுமுன் டப்பாவில் போட்டாலும் உள்ளே ஆவி தங்கி அதே கதிதான். நமத்ததை 150 டிகிரியில் நான்கு நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.