கிணற்றடியில் ஒரு குளிர்ச்சிக் கணக்கு

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

ஓடும்போதே தண்ணீர் குடிக்கும் இயந்திரங்கள் உலகில் பல உண்டு. மேல்நாடுகளில் இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் சிறு படகு. அதனுள் 26 சி.சி. அளவுள்ள பெட்ரோல் எஞ்சின்; கரையில் நிற்பவர் கையில் வானொலி அலையால் அதைச் செலுத்தும் கருவி. படகின் பின்புறம், நீருக்குள், ஒரு சிறு குழாயின் வாய் இருக்கும். படகின் வேகமே ஏரி நீரை அதனுள் தள்ளுகிறது. நீர் எஞ்சினைச் சுற்றிவந்து, பக்கவாட்டில் ஓர் இழையாக வெளியே பாய்கிறது. செலுத்துபவரின் கண் படகைவிட அந்த இழையின் மீதே அதிகம் இருக்குமாம். அது மெலிந்தால் படகைக் கரைக்குத் திருப்பிவிடுவார்.

அரூரில் படகு ஏது என்று நண்பர்கள் சிரிக்கலாம். வாணியாற்றில் கணுக்கால் நனைய நீர் ஓடினாலே நமக்குத் திருவிழாதான்! ஆனால் அந்தப் படகின் குளிர்ச்சி முறை நம் கிணற்றடிகளில் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் என் சித்தப்பாவின் எஞ்சின் கொட்டாயே அதற்குச் சாட்சி.

அங்கிருப்பது 5 குதிரைத்திறன் ஆயில் எஞ்சின். நிமிடத்துக்கு 1500 சுற்று. பம்பு இறைக்கும் நீரில் ஒரு சிறு பங்கு, டெலிவரி பைப்பிலிருந்து அரை அங்குலக் குழாய் வழியே பிரிந்து எஞ்சினின் ஜாக்கெட்டுக்குள் போகும். சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறி வாய்க்காலில் விழும். எவ்வளவு நீர் வேண்டும்? 5 குதிரைத்திறன் என்பது 3.7 கிலோவாட். ஏறக்குறைய அதே அளவு வெப்பம் ஜாக்கெட் நீருக்குப் போகிறது என்று கொள்வோம். நீர் 30 டிகிரியில் நுழைந்து 55 டிகிரியில் வெளிவரட்டும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 2 லிட்டரே போதும்! வகுப்பறையில் படித்த வெப்ப எண் கிணற்றடியில் உதவியது எனக்கு வியப்பாகவே இருந்தது.

சென்ற கோடையில் அந்த எஞ்சின் அடக்க முடியாமல் சூடேறத் தொடங்கியது. இழுவை குறைந்தது, கறுப்புப் புகை, பெயிண்ட் கருகும் வாடை. ஒரு ஏக்கர் தக்காளி பூவெடுத்திருந்த நேரம். நாற்றுக்கும் உரத்துக்குமாகச் சித்தியின் தோடு ஏற்கெனவே அடகுக் கடைக்குப் போயிருந்தது. பிஸ்டன் பிடித்துக்கொண்டால் எஞ்சினும் போச்சு, தக்காளியும் போச்சு.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பம்பு சரியில்லை என்றார் ஒருவர். ஆயிலை மாற்று என்றார் இன்னொருவர். பக்கத்துக் கொட்டாய்க்காரர் ஒரு குடம் தண்ணீரை ஹெட்டின் மேல் ஊற்றச் சொன்னார். நல்லவேளை, யாரும் ஊற்றவில்லை. கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழுந்துவிடும். சித்தப்பா தம் பங்குக்குக் குளிர்ச்சிக் குழாயின் திருகை முழுதும் திறந்துவிட்டார். நீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சூடு மட்டும் இறங்கவில்லை.

அரூரிலிருந்து வந்த மெக்கானிக் எஞ்சினைத் தொடவேயில்லை. வாய்க்காலோரம் குந்தி, வெளிவரும் நீரில் கையை நீட்டினார்.

"தம்பி, நீயும் கை வெச்சுப் பாரு. என்ன தெரியுது?"

"சில்லுன்னு இருக்குதுண்ணே."

"அங்க ஹெட்டு கொதிக்குது, இங்க தண்ணி சில்லுன்னு வருது. அப்ப சூடு தண்ணிக்குள்ள ஏறல."

அவ்வளவுதான். நான் மூன்று ஆண்டு படித்த வெப்பக் கடத்தல் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நீர் குறைவாகவும் கொதிக்கக் கொதிக்கவும் வந்தால் வழியில் அடைப்பு: பாசி, நத்தை, இலைச்சருகு ஏதேனும் ஒன்று. நீர் விட்டுவிட்டுக் காற்றோடு கலந்து வந்தால் உறிஞ்சு குழாயில் ஓட்டை, அல்லது கிணற்று மட்டம் புட்வால்வுக்கு இறங்கிவிட்டது. நீர் தாராளமாகவும் குளிர்ச்சியாகவும் வந்து, எஞ்சின் மட்டும் கொதித்தால் இரண்டுக்கும் நடுவே ஏதோ படுத்திருக்கிறது.

ஹெட்டைக் கழற்றியதும் அது தெரிந்தது. நீர் ஓடும் வழியெல்லாம் முட்டையோட்டைப் போல வெள்ளைப் படிவு. உவமைக்காகச் சொல்லவில்லை, இரண்டும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். நம் பக்கத்துக் கிணற்று நீரின் உப்பும் கடுப்பும் யாருக்குத் தெரியாது? புளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது! கடுப்பு நீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து உலோகத்தில் ஒட்டுகிறது. வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் அந்தப் படலம் வெப்பத்தைக் கடத்துவதில் பன்மடங்கு மந்தம். எஞ்சினுக்குக் கம்பளி போர்த்தியது போலத்தான்.

நீர்த்த அமிலம் ஊற்றினார், நுரை பொங்கியது. சுரண்டிக் கழுவி, புதுக் கேஸ்கட் வைத்துப் பூட்டினார். எஞ்சின் ஓடியது. ஆனால் அதே கிணற்று நீர்தானே மறுபடியும் போகும்?

"டிரம் வெச்சுடுங்க" என்றார் மெக்கானிக். 200 லிட்டர் இரும்பு டிரம்மைக் கல்மேடை மேல் ஏற்றி, அடியிலிருந்து ஒரு குழாய் எஞ்சினுக்கு, எஞ்சின் மேலிருந்து ஒரு குழாய் டிரம்மின் மேற்புறத்துக்கு. சூடான நீர் தானே மேலேறும்; குளிர்ந்தது தானே கீழிறங்கும். அந்த 200 லிட்டரில் உள்ள சுண்ணாம்பு படிந்த பிறகு, புதிதாகப் படிய அதிகம் இராது.

டிரம் நீரே கொதித்துவிடாதா என்று சித்தப்பா அஞ்சினார். நான் வரப்பில் அமர்ந்து கணக்குப் போட்டேன். 3.7 கிலோவாட் வெப்பம் 200 லிட்டர் நீரை மணிக்குச் சுமார் 16 டிகிரி உயர்த்தும். காற்றில் போவது தனி. எங்கள் கிணறு கோடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஊறிக் கொடுப்பதில்லை. ஆக 24 டிகிரி. 30இல் தொடங்கினால் 54. தாங்கும்! கிணறு வற்றிப் பம்பு காற்றை உறிஞ்சினாலும் எஞ்சினுக்கு நீர் நிற்காது என்பது கூடுதல் லாபம்.

டிரம்முக்கு ஒகேனக்கல் தண்ணீரை ஊற்றலாமே என்று மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "குடிக்கிற தண்ணிய மிஷினுக்கு ஊத்துவாங்களாடா?" என்று சித்தி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். அவர் சொல்வதும் நியாயந்தான். கிணற்று நீரையே நிரப்பினோம். முதல் மழைக்குக் கூரை நீரைப் பிடித்து மாற்றிக்கொண்டோம்.

தக்காளி காய்த்தது. விலை கிலோவுக்கு என்ன போயிற்று என்பதை இங்கே எழுத மனமில்லை. தோடு மட்டும் திரும்பி வந்துவிட்டது. மேல்குழாயின் வாய் நீருக்குமேல் தெரிந்தால் சுழற்சி நின்றுவிடும் என்பதால், டிரம்மின் உட்புறம் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். ஆறாம் வகுப்புப் படிக்கும் சித்தப்பா மகள் தினமும் பள்ளிக்குப் போகுமுன் கல்மேடையில் ஏறி அதை எட்டிப் பார்க்கிறாள். குறைந்திருந்தால் ஒரு குடம் ஊற்றுகிறாள்.