அம்மாவின் அடுப்பு

தீபாவளி என்றதும் பலருக்குப் பட்டாசும் புத்தாடையும் நினைவுக்கு வரும். எனக்கு வருவது அம்மா சுடும் நெய் பிஸ்கட்தான். சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டில் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே மாவு சலிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மேலே நான்கு பர்னர், கீழே ஓவன் என்று ஆள் உயரத்தில் பாதி நிற்கும் ஒரு கேஸ் அடுப்பு எங்களுடையது. அப்பா தவணையில் வாங்கிப் போட்டது. முறுக்கும் அதிரசமும் மேலே வேகும், பிஸ்கட் கீழே.

கோலாலம்பூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் நம்மில் பலரைப் போல, நானும் தீபாவளிக்கு வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், தூங்குவேன், திரும்பும்போது இரண்டு டின் பலகாரத்தைப் பைக்குள் திணித்துக்கொள்வேன். அந்த அடுப்பை ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

2023 தீபாவளியில் பிஸ்கட் கருகிவிட்டது. ஒரு தட்டு அல்ல, மூன்று தட்டு. அடிப்பக்கம் கறுப்பாக இருந்த ஒன்றைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இந்த வருஷம் கரி பிஸ்கட்" என்று எழுதியவன் நான்தான். ஜொகூரில் இருக்கும் அக்கா சிரிப்புப் பொம்மை அனுப்பினாள். சித்தப்பா கூட ஏதோ கிண்டலாக எழுதினார். அம்மாவும் சிரித்தார் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு, 2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் 12 நாள். ரயிலில் இருந்து இறங்கி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஒரு வாடை அடித்தது. அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி. பின்பக்கச் சாக்கடையாக இருக்கும் என்று நினைத்தேன். சமையலறைக்குப் போகப் போக வாடை கூடியது. அம்மா கேத்தலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். "வா தம்பி, காப்பி போடுறேன்" என்று அடுப்பின் திருகில் கையை வைத்தார்.

"அம்மா, வேணாம்! கைய எடுங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கேஸ் தோம்பின் ரெகுலேட்டரை மூடினேன். பின்கதவையும் ஜன்னல்களையும் திறந்தேன். மின்விசிறியின் சுவிட்சைத் தொடவில்லை. அதன் சிறு பொறியே போதும் என்பது தெரியும். அம்மா கேத்தலோடு அப்படியே நின்றார்.

"கேஸ் வாடை இப்படி அடிக்குதே, உங்களுக்குத் தெரியலயா?"

சற்று நேரம் பதில் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "கோவிட் வந்துச்சுல்ல, அப்ப போனது தம்பி. முழுசா திரும்பி வரவே இல்ல."

கோவிட் அவருக்கு வந்தது 2021 ஆகஸ்டில். மூன்று ஆண்டுகள். காப்பி வாசம் இல்லை, மல்லிகை வாசம் இல்லை, பிஸ்கட் கருகும் வாசம் இல்லை. அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் தனியாக இருக்கும் அம்மா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "தனியா சமைக்காதீங்க, ஜொகூருக்கு வந்துடுங்க" என்று அக்கா கூப்பிடுவாள் என்ற பயம். கரி பிஸ்கட் என்று நான் எழுதியதை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று அன்று இரவு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் படிப்பது இரசாயனப் பொறியியல். நாம் சமையலுக்குப் பயன்படுத்தும் எரிவாயு புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது, அதற்கென்று சொந்தமாக வாடை கிடையாது, கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் சேர்க்கிறார்கள் என்பதையெல்லாம் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த எச்சரிக்கையை முகர முடியாத ஒருவர் என் வீட்டிலேயே இருந்தார்.

வாடை முழுவதும் போன பிறகு, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கலக்கி நுரை எடுத்தேன். பர்னர் திருகுகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ரெகுலேட்டரை ஒரு நிமிடம் மட்டும் திறந்து, குழாய் நெடுகிலும் நுரையைத் தடவினேன். (தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடும் வீரர்கள் இன்னும் நம் ஊரில் உண்டு. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.) ரெகுலேட்டரில் குழாய் நுழையும் இடத்தில், இறுக்கும் வளையத்துக்குக் கீழே, குமிழி குமிழியாகக் கிளம்பியது. வளையத்தைத் தளர்த்திப் பார்த்தால் இரப்பர் வெடித்திருந்தது. அது அப்பா இருந்தபோது மாட்டியது. அப்பா இறந்தது 2017இல்.

பட்டணத்து இரும்புக் கடையில் சீன முதலாளி பழைய குழாயை வாங்கி வளைத்துப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியதை இப்படியா வைத்திருப்பது என்று மலாயில் திட்டினார். சிரிம் முத்திரை போட்ட புதுக் குழாய், இரண்டு வளையம், கூடவே ஒரு ரெகுலேட்டரும் எடுத்துக் கொடுத்தார். என் கைப்பேசிப் பணத்தில் பாதி கூட ஆகவில்லை.

மறுநாள் காலை அடுப்பைக் கழற்றினோம். புதுக் குழாய் மாட்டிப் பற்ற வைத்தபோது தீ மஞ்சளாக எரிந்ததுதான் காரணம். அம்மாவின் குவாலி அடிப்பக்கம் எப்போதும் கரி பிடித்திருக்கும். தேய்ப்பதில்தான் ஏதோ குறை என்று நான் நினைத்திருந்தேன். காற்று போதாமல் எரிவாயு அரைகுறையாக எரிந்தால் கரியும் புகையும் வரும், நல்ல தீ நீலமாக இருக்கும் என்பதும் நான் தேர்வில் எழுதியதுதான்! பர்னர்களைச் சுடுநீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்தோம். அலுமினியம் என்பதால் சோடா மாவு போடவில்லை, கறுத்துவிடும். அடைத்திருந்த துளைகளை அம்மாவின் தையல் ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன். எண்ணெயும் மாவும் சேர்ந்து கல்லாகியிருந்தன. வெயிலில் நன்றாகக் காயவைத்து மாட்டினோம். மூன்று பர்னர் நீலமாக எரிந்தன. நான்காவது மட்டும் பிடிவாதமாக மஞ்சள். அடியில் காற்றுப் போகும் வழியில் ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதை வெளியேற்றியதும் அதுவும் நீலம்.

ஓவன் உட்புறத்தில் சோடா மாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசினோம், தீ வரும் துளைகளை மட்டும் விட்டுவிட்டு. ஓர் இரவு ஊறியதும் பழைய நெய்க்கறை பழுப்பு நிறத்தில் துணியோடு வந்தது.

அதன் பிறகு செய்த சோதனையைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும். சீனி 186 பாகையில் உருகும். ஆகவே திருகை 180இல் வைத்து ஓவன் நன்றாகச் சூடானதும், ஒரு கரண்டிச் சீனியைக் கிண்ணத்தில் போட்டு கால் மணி நேரம் உள்ளே வைத்தால் அது சீனியாகவே இருக்கவேண்டும். எங்கள் ஓவனில் பாகாகி, பழுப்பேறி, ஓரம் கருகிப் போயிருந்தது. துல்லியமான அளவு அல்லதான். ஆனாலும் திருகு சொல்வதைவிட ஓவன் அதிகமாகக் காய்கிறது என்பதற்கு அந்தக் கிண்ணம் போதும். 160 என்று வைத்து மறுபடி பார்த்தபோது சீனி வெள்ளையாகவே இருந்தது.

அம்மா அந்தக் கருகிய கிண்ணத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப போன வருஷம் என் மூக்கு மட்டும் காரணம் இல்லதானே?"

"இல்லம்மா. ஓவனும்தான்."

"குரூப்ல போடு" என்றார்.

கிண்ணத்தைப் படம் பிடித்து, நடந்ததை எழுதி, கரி பிஸ்கட்டுக்கு மன்னிப்பும் கேட்டுப் போட்டேன். அரை மணி நேரத்தில் அக்கா அழைத்தாள். எதிர்பார்த்தபடியே, "அம்மாவ இங்க அனுப்பு" என்றாள். அம்மா கைப்பேசியை என்னிடமிருந்து பறித்து, "என் அடுப்பு இங்க இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. இப்போதைக்கு ஒரு கேஸ் எச்சரிக்கைக் கருவி வாங்கி மாட்டியிருக்கிறேன். முதலில் ஏணி போட்டுக் கூரை ஓரம் ஆணி அடிக்கப் போனேன். இந்த எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும் என்பது ஆணி பாதி இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. இப்போது கருவி முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. மேலே அடித்த ஆணியில் அம்மா நாள்காட்டி மாட்டிவிட்டார்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு நெய் பிஸ்கட் சுட்டோம். நிமிடம் பார்க்கும் கடிகாரம் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஆனால் அம்மா அதை நம்பவில்லை. ஓவன் முன்னால் முக்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்.

"தம்பி, வாசம் வந்துருச்சா?"

"இன்னும் இல்லம்மா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். நான்காவது தடவை கேட்டபோது, நெய்யும் மாவும் வெந்த அந்த வாசம் கதவு இடுக்கு வழியாக வந்தது. "வந்துருச்சும்மா" என்றேன். அம்மா கைத்துணியை எடுத்துக்கொண்டு ஓவனைத் திறந்தார்.