அறியாத நீர்

மீன் பிடிக்கத் தெரியும் என்பது வேறு. இந்த நீரில் மீன் பிடிக்கத் தெரியும் என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை நான் ஐம்பத்தாறாம் வயதில்தான் அளந்தறிந்தேன்.

என் ஊர் குடிகாடு. கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றின் ஓரத்தில் இருக்கிறது. என் அத்தா கணக்கெழுதிப் பிழைத்தவர். ஆயினும் அவருடைய உள்ளம் ஆற்றிலேயே இருந்தது. 1970களின் இறுதியில், சிறுவனாயிருந்த என்னைத் தோணியில் ஏற்றிக்கொண்டு புறப்படுவார். ஓதம் ஏறும்போது மடவை எத்துறைக்கு வரும், வற்றும்போது கொடுவா எம்மடுவில் ஒதுங்கும், பிறையைப் பார்த்து நீரின் ஏற்றத்தைக் கணிப்பது எங்ஙனம் என்பனவற்றையெல்லாம் ஏடின்றிக் கற்பித்தார். பின்னர் மதரஸாவில் நோன்புக்கும் பெருநாளுக்குமாகப் பிறையின் பாடத்தைப் படித்தேன். ஆற்றுக்காக அதை முன்னரே படித்து முடித்திருந்தேன்.

1980களில் ஊரை அடுத்து ஆலைகள் எழுந்தன. ஆற்று நீரின் நிறமும் மணமும் மாறின. மடவை அருகிற்று. அத்தா ஒரு நாள் தம் மூங்கில் தூண்டிலைத் துடைத்துப் பரணில் வைத்தார். மௌத்தாகும்வரை அதை இறக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை.

சென்ற தைத் திங்கள் விடுமுறையில் பதின்மூன்று வயதான என் இளைய மகன் அத்தூண்டிலைக் கண்டெடுத்தான். “அத்தா, இதை எப்படிப் போடுவது?” என்று கேட்டான். அவனை உப்பனாற்றுக்கு அழைத்துச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. லால்பேட்டையில் வாழும் ஆலிம் நண்பரிடம் சொன்னேன். “வீராணம் இருக்கும்போது கவலை ஏன்?” என்றார் அவர். ஏரியில் மீன்பிடி உரிமை பெற்ற முதியவர் ஒருவரிடம் சொல்லி, படகுக்கும் ஏற்பாடு செய்தார்.

வீராணம் நம் மாவட்டத்தின் பேரேரி. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தக சோழன் காலத்தில், அவன் மகன் இராசாதித்தன் அமைத்தது என்பர். பராந்தகனின் விருதுப் பெயரான வீரநாராயணன் என்பதே மருவி வீராணம் ஆயிற்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதும் இவ்வேரிக்கரையில்தான். கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வரும் நீர் இதை நிரப்புகிறது. 2004 முதல் சென்னை மாநகரும் இந்நீரைப் பருகுகிறது.

சிதம்பரம் வழியாகப் பேருந்தில் செல்லும்போது இவற்றையெல்லாம் மகனுக்கு விரித்துரைத்தேன். ஏரியின் முழு மட்டம் 47.5 அடி என்று நாளிதழ்களில் படித்திருந்ததையும் சொன்னேன். அவ்வளவு ஆழமான நீருக்கு நீண்ட தங்கூசி வேண்டுமே என்று புதிதாக வாங்கி, கனத்த ஈயக்குண்டும் கொடுவாய்க்கான பெரிய முள்ளும் பூட்டி வைத்திருந்தேன். மகன் வியந்து கேட்டான். அவ்வியப்பு எனக்கு இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

சுபுஹுத் தொழுகை முடித்து ஏரிக்கரையை அடைந்தபோது பனி விலகவில்லை. படகுக்காரர் எழுபதைக் கடந்தவர். அப்பக்கத்துப் பழக்கத்தால் என்னை “அஜரத்” என்றே அழைத்தார். “ஆழமான நடுவுக்குப் போகலாம், பெரியவரே” என்றேன். அவர் என் தூண்டிலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கழியை ஊன்றித் தள்ளினார்.

ஒரு மணி நேரம் கழிந்தது, தக்கை அசையவில்லை. ஓதத்தின் இழுப்பைக் கைவிரல் தேடிற்று, அங்கே ஓதமேது? வற்றும் வேளைக்குக் காத்திருக்கும் என் பழைய பொறுமை அந்நீரில் வெறும் சோம்பலாயிற்று. குண்டு அடிச்சேற்றில் அமிழ்ந்து கிடந்தது. மகன் என் முகத்தைப் பார்ப்பதும் நீரைப் பார்ப்பதுமாக இருந்தான். மாணவர் முன் கிதாபைத் திறந்து, ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் நின்ற நாளில்கூட நான் அவ்வாறு நாணியதில்லை.

“அஜரத், கோவிச்சுக்கக் கூடாது” என்று சொல்லிப் பெரியவர் கழியை நேராக நட்டார். அது சிறிதளவே முழுகிற்று. “இங்கே இறங்கி நின்னா எனக்கு மார்பளவு தண்ணி. நாப்பத்தேழு அடிக்கு நீங்க நூல் கட்டியிருக்கீங்க.”

நாளிதழில் வரும் அந்த அளவு கடல் மட்டத்திலிருந்து கணக்கிடப்படுவது என்பதைப் பின்னர் நண்பர் விளக்கினார். ஏரியின் ஆழம் அதுவன்று. எண்ணைப் படித்திருந்தேன்; எங்கிருந்து எண்ணினார்கள் என்பதைக் கேட்க மறந்தேன்.

அதன்பின் தூண்டில் பெரியவரின் கைக்குச் சென்றது. குண்டை அவிழ்த்தார். பெரிய முள்ளை அகற்றிச் சிறு முள் கட்டினார். “இந்த ஏரியில் உங்களுக்கு அகப்படுவது ஜிலேபிதான். அதுக்கு வாய் சின்னது” என்றார். தக்கையிலிருந்து முள்வரை இரண்டு முழமே விட்டார். படகை மேற்கே, கரை தாழ்ந்து கோரை மண்டிய பகுதிக்குத் தள்ளினார். நீர்க்காகங்கள் எங்கே மூழ்குகின்றன என்பதைப் பார்க்கச் சொன்னார். தெளிந்த விளிம்பில், தட்டுப்போல் வட்டமாகத் தோண்டிய சிறு குழிகளைக் காட்டினார். அவை ஆண் ஜிலேபி பறித்த கூடுகள். அக்குழியில் முட்டையிட்டு, முட்டைகளைத் தன் வாயிலேயே ஏந்திக் காப்பது பெண் மீன். ஆப்பிரிக்காவுக்குரிய இம்மீன் 1952இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. புதிய நீரில் குடிபுகக் கற்ற அந்த மீனைப் பிடிக்க, புதிய நீரைக் கற்காத நான் புறப்பட்டிருந்தேன்!

மண்புழுவைக் கோத்துப் போட்ட சிறிது நேரத்தில் தக்கை இருமுறை துடித்துச் சாய்ந்தது. பெரியவர் தூண்டிலை என் மகனிடமே கொடுத்திருந்தார். உள்ளங்கை அகலமுள்ள ஜிலேபி ஒன்று படகில் துள்ளிற்று. நண்பகலுக்குள் அவன் ஒன்பது பிடித்தான், நான் இரண்டு. சிறியவற்றை நீரிலேயே விட்டோம்.

அமெரிக்காவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைத் தொலைபேசியில் சொன்னேன். அங்குள்ள ஏரிகளில் ‘கிராப்பி’ என்றொரு தட்டை மீன் உண்டாம். அது மூழ்கிய மரக்கிளைகளைச் சார்ந்து கூட்டமாய் நிற்கும். அதற்கென்றே மக்கள் பழைய மரங்களை ஏரியில் அமிழ்த்துவர். புதிய ஏரிக்குப் படகில் செல்வோர், ஒலியலையால் நீரடியைக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு முதலில் அம்மறைவிடங்களைத் தேடுவர் என்றார். எங்கள் பெரியவர் ஒரு கழியாலும் ஒரு பறவையாலும் செய்த வேலை அது.

ஆண்டுதோறும் சூரத்துல் கஹ்ஃபில் நபி மூஸா (அலை) அவர்களின் பயணத்தை மாணவர்க்கு நடத்துகிறேன். மக்களுள் மிக அறிந்தவர் யார் என்று கேட்கப்பட்டபோது ‘நான்’ என்று விடையளித்ததால், இரு கடல்கள் கூடுமிடத்துக்குக் கற்றுக்கொள்ள அனுப்பப்பட்டார்கள். எடுத்துச் சென்ற மீன் எங்கே நழுவிற்றோ, ஆசான் இருந்த இடம் அதுவே. முப்பதாண்டுகளாக இதன் சொல்லிலக்கணத்தைச் சொல்லி வந்தேன். மீன் அகப்படாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் பாடம் எனக்கும் உரியதாயிற்று.

ஊர் திரும்பிய அன்று அந்தியில் மகன் தூண்டிலைத் துடைத்தான், பரணில் வைக்கவில்லை. கதவோரம் சாத்தினான். “நம் ஆற்றிலும் இரண்டு முழம் போதுமா, அத்தா?” என்றான்.

அவனை உப்பனாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். தூண்டிலை எடுத்துச் செல்லவில்லை. மேல்வானத்தில் பிறை இருந்தது. அதைக் காட்டி, இன்றிரவு ஓதம் எப்போது ஏறும் என்று கணக்குச் சொன்னேன். மடவை வந்த துறையையும் கொடுவா ஒதுங்கிய மடுவையும் காட்டினேன். அத்தா எனக்குத் தந்த பாடத்துக்கு இன்று நீர் இல்லாமற் போயிருக்கலாம். ஆறு மீளுங்காலத்தில் அதை அறிந்தவன் ஒருவனேனும் கரையில் இருக்க வேண்டுமன்றோ? இறைவன் நாடுவானாக.