மழையில் நனைந்த கடிகாரம்



உங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். துணிமணிகளுக்கு அடியிலோ, பழைய ரசீதுகளுக்கு இடையிலோ ஒரு ஸ்மார்ட் வாட்ச் உறங்கிக் கொண்டிருக்கக் கூடும். வளைகுடாவிலிருந்து வந்த மகன் கொடுத்ததாயிருக்கலாம். மருமகன் அணிந்து சலித்ததாயிருக்கலாம். என்றாவது விற்கலாம் என்று எண்ணி அதை மூடி வைத்திருப்பீர்கள். அந்த ‘என்றாவது’ என்ற சொல்தான் உங்கள் பணத்தை அன்றாடம் அரித்துக் கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். அதோடு, நாற்பது ஆண்டுகளாக எவரிடமும் கூறாத ஒன்றையும் உங்களிடம் கூற வேண்டியிருக்கிறது.

நான் இராயபுரத்தில் பிறந்தவன். இப்போது குடியிருப்பது திருவொற்றியூரில். துபாயில் பணியாற்றிய என் மூத்த மகன், வேலை முடிந்து 2023ஆம் ஆண்டின் இடையில் ஊர் திரும்பினான். கையில் ஓர் உயர்ந்த ரக ஸ்மார்ட் வாட்ச் இருந்தது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் நம் பணத்திற்கு ஏறத்தாழ 28,000 ரூபாய் கொடுத்து வாங்கியது. 2024 ஆகஸ்டு மாதத்தில் என் பேத்தியின் செவிலியர் கல்லூரிக் கட்டணத்தில் 12,000 ரூபாய் குறைந்தது. “வாப்பா, இதை விற்றுவிடலாம்” என்று மகன் கழற்றி என் கையில் வைத்தான்.

மூன்று விலைகள்

பழக்கத்தின் காரணமாக நான் முதலில் சென்றது கடற்கரை இரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜார். பர்மாவில் 1962ஆம் ஆண்டு இராணுவ ஆட்சி ஏற்பட்ட பின்னர், உடைமைகளை இழந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் உருவாக்கிய கடைவீதி அது. அங்கே ஒரு கடையில் கடிகாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பெட்டி இருக்கிறதா? பில் இருக்கிறதா?” என்று கேட்டார்கள். நான் எதையும் எடுத்துச் செல்லவில்லை. 5,500 ரூபாய் என்றார்கள்.

அவர்களைக் குறை கூற மாட்டேன். பெட்டியும் பில்லும் இல்லாத பொருள் யாருடையது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? திருட்டுப் பொருளாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்திற்கும் சேர்த்தே விலை குறைகிறது. வீட்டிற்கு வந்து, மகன் பத்திரமாக வைத்திருந்த பெட்டி, ரசீது, மின்னேற்றும் கருவி, ஒருமுறையும் அணியாத மாற்றுப் பட்டை ஆகிய அனைத்தையும் ஒன்று சேர்த்தோம். பழைய பொருட்களை இணையவழி வாங்கும் நிறுவனம் ஒன்றில் விவரங்களைப் பதிந்தபோது 8,000 ரூபாய் வரை கிடைக்கும் என்றது. நேரடியாக வாங்குவோருக்கென விளம்பரம் கொடுத்தோம். எண்ணூர்ப் பகுதியில் சரக்குப் பெட்டக முனையம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் தொலைபேசியில் பேசி, 12,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். கட்டணத்திற்குத் தேவையான அதே தொகை! என் இல்லத்தரசி “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

வாசகர்களே, ஒரே பொருளுக்கு மூன்று விலைகள் எப்படி வந்தன என்று பாருங்கள். கடைக்காரர் தம் இலாபத்தையும், பழுது நேர்ந்தால் ஏற்படும் நட்டத்தையும் கழித்துக்கொண்டே விலை சொல்வார். நிறுவனமும் அவ்வாறே. நேரடியாக வாங்குபவருக்கு அந்தக் கழிவு இல்லை. ஆனால் அவரைத் தேடும் அலைச்சலும் காத்திருப்பும் நம்முடையவை. உடனே பணம் வேண்டுமெனில் முதல் வழி. பத்து நாள் பொறுக்க முடியுமெனில் மூன்றாம் வழி.

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. நம் முன்னோர் அணிந்த சாவிக் கடிகாரத்தைத் துடைத்து எண்ணெயிட்டால் பேரன் காலத்திலும் ஓடும். ஸ்மார்ட் வாட்ச் அத்தகையதன்று. அதன் உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலம், அணிந்தாலும் அணியாவிட்டாலும் முதுமை அடைகிறது. தன் கடிகார மின்கலம் 1,000 முழு மின்னேற்றங்களுக்குப் பின் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காடு வரை தாங்கும் வகையில் அமைக்கப்பட்டது என்று ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. வெப்பம் மின்கலத்திற்குப் பகை. முற்றிலும் வற்றிய நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் மீண்டும் உயிர் பெறாமலே போகவும் கூடும். விற்கும் வரை பாதியளவு மின்னேற்றி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று மென்பொருள். ஆப்பிள் நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட நான்காம் வரிசைக் கடிகாரத்திற்கு, 2024ஆம் ஆண்டின் புதிய மென்பொருள் கிடைக்கவில்லை. கடிகாரம் ஓடும், ஆனால் சந்தையில் அது பழையவற்றின் வரிசைக்குச் சென்றுவிடும். அந்நிறுவனம் பெரும்பாலும் செப்டம்பரில் புதிய கடிகாரங்களை அறிவிப்பது வழக்கம். அறிவிப்பு வந்ததும் பழையவற்றின் விலை சரியும். நாங்கள் ஆகஸ்டில் விரைந்ததற்குக் காரணம் கல்லூரிக் கட்டணம் மட்டுமன்று, இதுவும்தான்.

மகன் சொன்ன நேரம்

இளைஞரை எங்கே சந்திப்பது என்ற பேச்சு வந்தது. திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையம் என்று முடிவாயிற்று. காலை ஏழு மணிக்கு வேலைக்குச் செல்லும் வழியில் வருவதாக அவர் கூறினார். மகன் மட்டும், “காலை வேண்டாம் வாப்பா. நண்பகலுக்கு மேல் வரச் சொல்லுங்கள்” என்றான்.

ஏன் என்று கேட்டேன். அவன் முகத்தைத் திருப்பிக் கொண்டான். எனக்குப் புரிந்துவிட்டது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் வடசென்னையை மூழ்கடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப் போன நாட்கள் அவை. எங்கள் தெருவில் இடுப்பளவு நீர். பக்கத்து வீட்டு மூதாட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டிற்குச் சென்ற என் மகனின் கையில் அந்தக் கடிகாரம் இருந்தது. நீரைத் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்ததுதான். ஆனால் அந்தத் தாங்குதிறன் நிலையானதன்று. ஒட்டுப் பசையும் ரப்பர் வளையமும் நாளடைவில் தளர்கின்றன, கீழே விழுந்து அடிபட்டாலும் தளர்கின்றன. அன்று முதல், குளிர்ந்த காலை வேளைகளில் கண்ணாடியின் உட்புறம் மெல்லிய பனிமூட்டம் படியும். வெயில் ஏறியதும் மறைந்துவிடும். நண்பகலில் பார்ப்பவர் கண்ணுக்குப் புத்தம் புதிதாய்த் தோன்றும்.

“பொய் ஒன்றும் சொல்லப் போவதில்லையே வாப்பா. அவர் கேட்டால் சொல்வோம்” என்றான் மகன். பேத்தியின் கல்லூரியில் கட்டணம் செலுத்த இன்னும் நான்கு நாட்களே இருந்தன. நான் மறுமொழி கூறாமல் தொழுகைக்குச் சென்றுவிட்டேன். மறுக்கும் தகுதி எனக்கு இருக்கவில்லை.

மூர் மார்க்கெட்டில் நான் செய்தது

1983ஆம் ஆண்டு என் வாப்பா மறைந்தார். துறைமுகத்தில் சரக்குக் கணக்கராகப் பணியாற்றியவர். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒரு சாவிக் கடிகாரமும் இருந்தது. அடுத்த ஆண்டு தட்டச்சுத் தேர்வுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. சென்ட்ரல் நிலையத்தை அடுத்து இருந்த மூர் மார்க்கெட்டிற்கு அதை எடுத்துச் சென்றேன். அந்தக் கடிகாரம் பகலெல்லாம் ஒழுங்காக ஓடும், இரவில் நின்றுவிடும். எனவே விடிந்ததும் சாவி கொடுத்து, நேரம் திருத்திக்கொண்டு காலையிலேயே சென்றேன்.

கடைக்காரர் முதியவர். கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்டார். “தம்பி, நன்றாக ஓடுகிறதா?” என்றார். “ஓடுகிறது” என்றேன். அந்த நேரத்தில் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. 110 ரூபாய் கொடுத்தார்.

தேர்வில் வென்றேன். மண்ணடியில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. 1985 ஜூன் முதல் வாரத்தில் முதல் சம்பளம் வாங்கினேன். பழுதைச் சொல்லியிருந்தால் எழுபது ரூபாய்தான் கிடைத்திருக்கும் என்று என் மனம் கணக்கிட்டு வைத்திருந்தது. மீதி 40 ரூபாயைச் சட்டைப் பையில் தனியே வைத்துக்கொண்டு மூர் மார்க்கெட்டிற்கு நடந்தேன். அங்கே கரிந்த சுவர்களே நின்றன. அதற்குச் சில நாட்கள் முன், மே 30ஆம் நாள், அது தீக்கிரையாகியிருந்தது. தீ விபத்துச் செய்தியை நானும் கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அந்தக் கடையும் அந்த முதியவரும் அதில் அடக்கம் என்பது அங்கே நின்றபோதுதான் நெஞ்சில் உறைத்தது. பின்னர் அருகில் வேறிடத்தில் வியாபாரிகள் கடை போட்டபோதும் தேடினேன். அந்த முகம் தென்படவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது, உள்ளே ஈரம் தட்டுப்பட்டதாகவும், மழையில் நனைந்தது என்று வியாபாரி கூறியபோது, மக்கள் காணுமாறு அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கண்டித்ததாகவும் ஹதீஸில் வருகிறது. அந்த வியாபாரியும் வாய் திறந்து பொய் சொன்னதாக அதில் இல்லை. கேட்டதும் உண்மையையே சொன்னார். நனைந்ததை அடியில் வைத்ததுதான் அவர் செய்த தவறு. அவர் வைத்த இடம் குவியலின் அடி. நாங்கள் வைக்க இருந்த இடம் நண்பகல். அவ்வளவே வேறுபாடு.

அன்று மஃரிபுக்குப் பின் மகனை மாடிக்கு அழைத்து, மூர் மார்க்கெட் கதையைச் சொன்னேன். தந்தை தன் மகனிடம் இப்படி ஒன்றைச் சொல்வது எளிதன்று. அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “காலை ஏழு மணிக்கே வரச் சொல்லிவிடுகிறேன்” என்றான்.

தேரடியில்

முதல்நாள் இரவே செய்ய வேண்டியவற்றை மகன் செய்தான். இதை நீங்கள் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தை அப்படியே கொடுத்துவிடக் கூடாது. அதில் நம் இதயத்துடிப்பு, உறக்கம், நடந்து சென்ற இடங்கள், வந்த செய்திகள் அனைத்தும் பதிந்திருக்கும். நம் வீட்டுப் பெண்கள் அணிந்ததாயின் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. முதலில் கைப்பேசியின் வழியாக இணைப்பை முறைப்படி நீக்க வேண்டும். பின்னர் கடிகாரத்தை முழுவதும் அழித்துப் புதிதாக்க வேண்டும். ஆப்பிள் கடிகாரத்தில் இணைப்பை நீக்காமல் அழிப்பதை மட்டும் செய்தால், பழைய உரிமையாளரின் கணக்குப் பூட்டு அப்படியே நிற்கும். வாங்கியவருக்கு அது வெறும் கண்ணாடித் துண்டு. பழைய கைப்பேசியையும் விற்பதாயின், கடிகாரத்தை விடுவித்த பின்னரே அதை விற்க வேண்டும். கடிகாரத்திற்கென்று தனித் தொலைபேசி இணைப்பு இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

வாங்குபவரின் கைப்பேசி எது என்பதையும் கேட்டறியுங்கள். ஆப்பிள் கடிகாரம் ஐபோனோடு மட்டுமே இணையும். சாம்சங் நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு முதலான கேலக்ஸி கடிகாரங்கள் ஐபோனோடு இணையா. இதைக் கேளாமல் விற்றால் மறுநாளே மனத்தாங்கல் வரும்.

காலை ஏழு மணி. இளைஞர் வந்தார். கடிகாரத்தை அவர் கையில் கொடுப்பதற்கு முன், “தம்பி, கண்ணாடியைப் பாருங்கள்” என்றேன். ஓரத்தில் பனிமூட்டம் இருந்தது. புயல் மழையைச் சொன்னேன். இனி இதை நீரில் நனைக்கக் கூடாது என்றும் சொன்னேன்.

அவர் கடிகாரத்தை ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாய், 9,000 தரலாம். அதற்கு மேல் முடியாது” என்றார். மகன் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். பெட்டியையும் ரசீதையும் கொடுத்தோம். அவர் கைப்பேசி வழியே பணம் அனுப்பினார். நம் வங்கிக் கணக்கில் பணம் சேர்ந்ததைப் பார்த்த பின்னரே மகன் கடிகாரத்தை ஒப்படைத்தான். பணம் பெறுவதற்கு நாம் எந்த இரகசிய எண்ணையும் அழுத்த வேண்டியதில்லை, எந்தக் குறியீட்டையும் ‘ஸ்கேன்’ செய்ய வேண்டியதில்லை. அப்படி எவரேனும் கேட்டால் அவர் வாங்க வந்தவர் அல்லர், பறிக்க வந்தவர்.

3,000 ரூபாய் குறைந்தது. வீடு திரும்பும்போது மகன் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் மனம் கனத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நடந்ததைக் கேட்ட என் இல்லத்தரசி உள்ளே சென்று, தையல் கூலியில் சேர்த்து வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்து 3,000 ரூபாய் குறையாமல் எண்ணி வைத்தாள். அது அவள் தன் கண்ணாடியை மாற்றுவதற்காகச் சேர்த்த பணம். அதை மாற்ற அவளுக்கு மேலும் நான்கு மாதங்கள் ஆயின.

உரியவரைக் காண இயலாத பணத்தை அவர் சார்பாகத் தருமம் செய்துவிடுமாறு ஆலிம்கள் கூறுவர். அந்த 40 ரூபாய்க்கு இன்று என்ன மதிப்பு என்று எனக்குத் தெரிந்த வகையில் கணக்கிட்டு, அந்த வாரமே கொடுத்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து எண்ணூர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். எனக்குத் திக்கென்றது. “ஒன்றுமில்லை பாய். என் தங்கைக்குப் பழைய கைப்பேசி ஒன்று வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர் எவரிடமேனும் இருந்தால் சொல்லுங்கள். நீங்கள் பார்த்துச் சொன்னால் போதும்” என்றார்.

வாசகர்களே, அலமாரியைத் திறங்கள். பெட்டியையும் ரசீதையும் தேடி எடுங்கள். காலம் கடத்தாமல், மூன்று இடங்களிலாவது விலை கேட்டு, நல்ல விலைக்கு விற்றுவிடுங்கள். அதில் ஈரம் ஏதும் இருக்குமானால், அதைக் காலை வேளையிலேயே காட்டிவிடுங்கள்.