திருத்தணி ரயில் நிலையமும் பயணியின் உரிமையும்



திருத்தணி என்றவுடன் முருகன் கோயில் அமைந்த குன்றும், அதன் 365 படிகளுமே எவருக்கும் நினைவில் எழும். ஆனால் அக்குன்றைக் காண வருவோரையும், அதனைக் கடந்து போவோரையும் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் இருப்புப்பாதையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

பாதை வந்த வரலாறு

தென்னிந்தியாவின் முதல் பயணி வண்டி 1856 ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மெட்ராஸ் ரயில்வே கம்பெனியார் 1861-ல் அரக்கோணத்திலிருந்து வடமேற்கே ஒரு கிளைப்பாதை இடத் தொடங்கினர். திருத்தணி வழியாகச் செல்லும் அப்பாதை 1862-ல் ரேணிகுண்டாவை எட்டியது. 1871-ல் ரெய்ச்சூரை அடைந்து, பம்பாயிலிருந்து வந்த பாதையோடு கைகோத்தது. கிளையாகப் பிறந்தது, இரு பெருந்துறைமுகங்களை இணைக்கும் தலைப்பாதையாயிற்று.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. விமானப் பயணம் பெருகாத காலத்தில், புனித ஹஜ்ஜுக்குச் செல்வோர் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலேறி ஜித்தா சென்றனர். சென்னையில் ரயிலேறிய ஹாஜிகளுக்கு இதுவே வழி. 1995-ல் அக்கப்பல் பயணம் நின்றுபோயிற்று. உங்கள் குடும்பத்து மூத்தோர் எவரேனும் அவ்வாறு சென்றிருந்தால், தல்பியா முழங்கிய அவர்களது நாவும், கண்ணீர் மல்கிய அவர்களது கண்களும் இந்தக் குன்றின் அடிவாரத்தைக் கடந்தே சென்றிருக்கும்.

எல்லை மாறியது

1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதனுள் அடங்கியது. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இவ்வூரும் அதனோடு சென்றது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் போன்றோர் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினர். படாஸ்கர் பரிந்துரையின்படி எல்லை திருத்தப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குச் சென்றது.

ஆட்சி எல்லை இவ்வாறு மாறியபோதும் தண்டவாளம் ஓரங்குலமும் நகரவில்லை. திருத்தணியை அடுத்துப் பொன்பாடி, அதனை அடுத்து, நீண்ட பெயருக்குப் புகழ்பெற்ற வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, பின்னர் நகரி. சில நிமிடங்களில் தமிழ் ஊர்களிலிருந்து தெலுங்கு ஊர்களுக்குச் சென்றுவிடுகிறோம்.

இன்றைய பணி

சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் 69 கிலோமீட்டர். அங்கிருந்து திருத்தணி சுமார் 13 கிலோமீட்டர். புறநகர் மின்சார வண்டிகள் இங்கு வரை வருகின்றன. திருப்பதி செல்லும் சப்தகிரி விரைவு வண்டி நின்று செல்கிறது. ஆடிக் கிருத்திகையின்போது சகோதர சமயத்தார் காவடியுடன் திரளும் நாட்களில், அரக்கோணத்திலிருந்து சிறப்பு வண்டிகள் விடப்படுகின்றன. அன்றாடம் வேலைக்குச் செல்வோர், மாணவர், வணிகர், நோயாளிகள் என அனைவருக்கும் இந்நிலையமே வாசல்.

பயணியின் ஹக்கு

வாசகர்களே! இஸ்லாம் பயணிக்குத் தந்துள்ள இடத்தைச் சிந்தியுங்கள். ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் செல்வந்தராயினும், வழியில் கைப்பொருள் இழந்து நின்றால் அவருக்கு அதில் உரிமை உண்டு. நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளவும் பயணிக்குச் சலுகை உண்டு. அவர் இன்னார், இன்ன ஊரார் என்பதன்று; பயணி என்பதே அவருக்குரிய தகுதி.

இத்தகைய மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், மூன்று பேர் அமரும் இருக்கையில் மூட்டையை வைத்து ஒரு முதியவரை நிற்க வைக்கலாமா? பயணச்சீட்டின்றி ஏறிவிட்டு, பரிசோதகர் கண்ணில் படாததைச் சாமர்த்தியமாகக் கருதலாமா? அது பொதுமக்களின் உடைமை. மறுமையில் கணக்குக் கேட்கப்படும் அமானிதம். கூட்டத்தில் காவடியோடு நிற்பவருக்கு நீங்கள் ஒதுங்கித் தரும் ஒரு சாண் இடம், நூறு சொற்பொழிவுகள் சொல்லாததை அவருக்குச் சொல்லும்.

அடுத்த முறை இவ்வழியே செல்ல நேர்ந்தால், பயண துஆவை ஓதி அமருங்கள். பிறகு உங்கள் அருகில் நிற்பவரைப் பாருங்கள். அல்லாஹ் நம் பயணங்கள் அனைத்தையும் நலமாக்கி வைப்பானாக! ஆமீன்.