சில்வண்டு நின்றால்...



ஆண்டு விழாவில் நம் பேரவை சார்பில் திரையிட்ட ஒன்பது நிமிடக் குறும்படத்தைப் பார்த்துவிட்டுப் பலரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பேயும் இல்ல, ரத்தமும் இல்ல. அப்புறம் எதுக்குடா அவ்ளோ பயமா இருந்துச்சு?" படத்தில் ஒலி வேலை என்னுடையது என்பதால் பதிலையும் என்னையே மலரில் எழுதச் சொல்லிவிட்டார்கள். எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் பழங்கதை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறினால், மலையடிவாரத்துக்கு முன்னால் ஒரு பழைய முகப்பு வளைவு தெரியும். டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த ஸ்டுடியோவில் இன்று மிச்சம் நிற்பது அந்த வளைவுதான். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கல்லூரிக்கு வருகிற எனக்கு அது இருபத்தோராவது வளைவு!

அவர்கள் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி' படத்தில் ஒரு காட்சி. கணவன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். போகும் வழியெல்லாம் இனிமையான பாட்டு. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. ஆனால் அவன் அழைத்துப் போவது அவளைக் கீழே தள்ளிவிட! பாட்டு இனிக்க இனிக்க நமக்கு வயிறு கலங்குகிறது. இசை பயமுறுத்தவே இல்லை; அது கொஞ்சுகிறது. அதனால்தான் பயம். (கடைசியில் கணவனை மூன்று முறை சுற்றி வரவேண்டும் என்று கேட்டு, பின்னாலிருந்து அவளே அவனைத் தள்ளிவிடுவது வேறு கதை. குண்டலகேசி படித்தவர்களுக்குத் தெரியும்.)

வீணை வித்வான் எஸ்.பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' 1954இல் வந்தது. பாட்டே இல்லாத படம்! துப்பாக்கிச் சத்தத்தில் தொடங்கும் கொலைக் கதை. அவரே 1964இல் எடுத்த 'பொம்மை'யில் பொம்மைக்குள் குண்டு இருக்கும். பார்க்கிற நமக்குத் தெரியும், கையில் வைத்திருப்பவருக்குத் தெரியாது. ஹாலிவுட் இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னதும் இதைத்தான். மேஜைக்கு அடியில் குண்டு திடீரென்று வெடித்தால் சில விநாடி அதிர்ச்சி. அது இருப்பதை முன்னாலேயே ரசிகனுக்குக் காட்டிவிட்டால் பல நிமிடம் பதற்றம்.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. இனி, கேட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் படத்தின் கதை உங்களுக்குத் தெரியும். காப்பி எஸ்டேட் குடோனில் ஓர் இரவுக் காவலாளி. வெளியே யாரோ நிற்கிறார்கள். அவ்வளவுதான். நண்பர்கள் முதலில் கேட்டது கொலுசுச் சத்தம், நாய் ஊளை, வெள்ளைப் புடவை. "எதுக்கும் உங்கப்பாவக் கேளுடா" என்றான் ஒருவன். என் அப்பா ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டில் பதினோரு வருஷமாக ராத்திரிக் காவல். கேட்டேன். சிரித்துவிட்டார்.

"பேய் வந்தாத்தான் பரவால்லயே கண்ணு! மனுசன் வந்தாத்தான் பயம். காட்டெருமை வந்தாத்தான் பயம்."

"வந்திருக்குன்னு எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?"

"கண்ணுல தெரியாது. பனியில டார்ச் அடிச்சா வெள்ளச் செவுரு மாதிரி நிக்கும். காதுதான். சில்வண்டு நிக்காமக் கத்திக்கிட்டே இருக்கும். திடீர்னு ஒரு பக்கம் மட்டும் நின்னுரும். அந்தப் பக்கம் என்னமோ இருக்குன்னு அர்த்தம்."

நண்பர்களே, பயத்தைப் பற்றி அப்பா அதுவரை வீட்டில் பேசியதே இல்லை. பள்ளிக்கூடம் போகாத மனுஷன். அவர் சொன்ன நாலு வரியில்தான் எங்கள் படத்தின் ஒலியும் இருக்கிறது, ஒளியும் இருக்கிறது.

ஒளியைப் பாருங்கள். விளக்கை கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தால் பனித்துளிகள் வெளிச்சத்தைத் திருப்பி லென்ஸுக்கே அனுப்பும். அதுதான் அப்பா சொன்ன வெள்ளைச் சுவர். அதனால் விளக்கைச் சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் வைத்தோம். எதிரே நிற்கிற ஆள் முகம் தெரியாத கறுப்பு உருவம் ஆகிவிட்டான். செல்போன் கேமராவின் ஆட்டோ ஃபோகஸ் பனியில் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அதை லாக் செய்தோம். காவலாளி எதைப் பார்க்கிறான் என்று கேமரா திரும்பிக் காட்டவே இல்லை. அவன் முகத்திலேயே நின்றது.

ஒலியில்தான் நிஜமான பாடு! அமைதியைப் பதிவு செய்வது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். சத்தம் குறைந்தால் போன் தானாகவே கெயினைக் கூட்டிக்கொள்ளும். உடனே 'உஸ்ஸ்' என்று இரைச்சல் வரும். கெயினைக் கையால் நிறுத்திவைக்கிற ஆப் ஒன்றைப் போட்டுச் சமாளித்தோம். பின்னணியில் 50 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல் சேர்த்துப் பார்த்தோம். ஹெட்போனில் அபாரம்; போன் ஸ்பீக்கரில் ஒன்றுமே கேட்கவில்லை. அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலி வராது. எடுத்துவிட்டு, குடோன் பூட்டு ஆடுகிற சத்தத்தை வைத்தோம். நடக்கிற ஓசைக்கு ஒரு சாக்கு நிறையச் சருகு.

பிறகு, சில்வண்டு. நாலு நிமிடம் விடாமல் கத்தும். கேட்டுக் கேட்டு உங்கள் காது அதை மறந்தே போயிருக்கும். ஐந்தாம் நிமிடம் இடது ஸ்பீக்கரில் மட்டும் அதை நிறுத்தினேன். ஹாலில் பேசிக்கொண்டிருந்தவர்களும் அந்த இடத்தில் பேச்சை நிறுத்தினீர்கள். ஞாபகம் இருக்கிறதா? பயமுறுத்த நான் எந்தச் சத்தத்தையும் சேர்க்கவில்லை. இருந்த ஒன்றை எடுத்தேன்.

அப்பா அன்று லீவு சொல்லிவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். டைட்டிலில் 'ஒலி ஆலோசனை' என்று அவர் பெயர் வந்ததைத் தங்கச்சிதான் வாசித்துச் சொன்னாள். வெளியே வந்ததும் அவர் சொன்னது இது: "சத்தம் நின்னப்ப எந்திரிக்கப் பாத்தேன்டா. கை டார்ச்சத் தேடுது." நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற பயத்துக்கு அவர் சம்பளம் வாங்குகிறார். அந்தச் சம்பளம்தான் என் பீஸ்.

பஸ்ஸில், "இதுக்குன்னு படிப்பு இருக்கா கண்ணு?" என்றார். இருக்கிறது என்றேன். தரமணி திரைப்படக் கல்லூரியே 1945இல் சென்னையில் ஒரு பாலிடெக்னிக்கின் பிரிவாகத் தொடங்கியதுதான், ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் அங்கே டிப்ளமோவாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றேன். நான் டிப்ளமோ முடித்து ஏதாவது கம்பெனியில் பகல் ஷிப்டில் சேரவேண்டும் என்பது அவருடைய கனவு. பதில் சொல்லவில்லை. எத்தனை வருஷம், எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார். எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

நம்மில் பலர் வீட்டில் முதலில் படிக்க வந்தவர்கள்தான். அம்மாப்பேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தறிச் சத்தம் திடீரென்று நின்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். சங்ககிரி லாரி டிரைவர் மகனுக்கு ராத்திரியில் எந்த எஞ்சின் அப்பாவுடையது என்று படுக்கையிலிருந்தே தெரியும். அடுத்த ஆண்டு படம் எடுக்கப்போகிற ஜூனியர்களே! கொலுசையும் நாய் ஊளையையும் தேடுமுன், வீட்டில் ஒருமுறை கேளுங்கள்: எந்தச் சத்தம் நின்றால் உங்களுக்குப் பயம்?

— இரண்டாமாண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை