மூன்று சிலுவைகளின் நிழலில்

போலந்து நாட்டின் வடகோடியில், பால்டிக் கடலை அடுத்துள்ள துறைமுக நகரம் கதான்ஸ்க். இரயில் நிலையத்திலிருந்து சிறிது தொலைவு நடந்து, பழைய கப்பல் கட்டும் தளத்தின் இரண்டாம் வாயிலை அடைகின்றோம். அதன் முன்னே 42 மீட்டர் உயரமுள்ள மூன்று எஃகுச் சிலுவைகள் விண்ணோக்கி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நங்கூரம் அறையப்பட்டுள்ளது.

உலகப் போருக்குப்பின் போலந்து கட்டிய முதல் கடலோடும் கப்பலான ‘சோல்டெக்’ 1948-ல் இங்கேதான் நீரில் இறங்கிற்று. இத்தளத்தின் தொழிலாளி ஒருவரின் பெயரே அதற்கு இடப்பட்டது. பின்னாளில் தளம் லெனின் பெயரைத் தாங்கியது. ஆனால் உழைப்பாளரின் அரசு எனத் தன்னைக் கூறிக்கொண்ட அரசு, உழைப்பாளரின் குரலுக்குச் செவிசாய்க்கவில்லை. 1970 டிசம்பரில் உணவுப் பொருள்களின் விலை உயர்ந்தபோது தொழிலாளர் வீதிக்கு வந்தனர். 16-ம் நாள் இவ்வாயிலருகே துப்பாக்கிகள் முழங்கின, உயிர்கள் மாண்டன.

பத்தாண்டுகள் கழிந்தன. பாரந்தூக்கியை இயக்கி வந்த அன்னா வலென்டினோவிச் என்னும் அம்மையார், ஓய்வுபெற ஐந்தே மாதங்கள் இருக்கையில் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அவரை மீண்டும் சேர்க்கவேண்டும் என்ற குரலுடன் 1980 ஆகஸ்ட் 14 அன்று வேலைநிறுத்தம் தொடங்கிற்று. லெக் வலேசா தலைமை ஏற்றார். வாயிற்கதவில் செஸ்டகோவா அன்னையின் படமும், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் படமும் மலர்களிடையே விளங்கின. 17-ம் நாள் ஞாயிறன்று, கதவின் உட்புறம் தொழிலாளரும் வெளிப்புறம் அவர்தம் குடும்பத்தாரும் ஒரே திருப்பலியில் பங்குகொண்டனர்.

மரப்பலகைகளில் எழுதித் தொங்கவிடப்பட்ட கோரிக்கைகள் 21. ஆகஸ்ட் 31 அன்று அரசு இணங்கிக் கையொப்பமிட்டது. சுதந்திரத் தொழிற்சங்கம் பிறந்தது. செப்டம்பர் 21 முதல் ஞாயிறு திருப்பலி வானொலியில் ஒலித்தது. நோயுற்றுப் படுக்கையில் கிடந்தோரும் கேட்டு மகிழ்ந்தனர். 1970-ல் மாண்டோர் நினைவாகத் தொழிலாளர் தம் கையாலேயே செய்த சிலுவைகள் அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று திறக்கப்பட்டன. மறு ஆண்டு இராணுவச் சட்டம் வந்தது, சிறைகள் நிரம்பின. ஆயினும் 1989-ல் விடுதலை விடிந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே நம் நெஞ்சை வருத்துகின்றது. விடுதலைக்கு வழிதிறந்த தளம், அவ்விடுதலை கொணர்ந்த சந்தைப் போட்டியில் நிலைக்கவில்லை. 1996-ல் அது நொடித்தது. ஏறத்தாழ 17,000 பேர் உழைத்த பரப்பின் ஒரு பகுதியில் மட்டுமே இன்று இரும்பு வேலை நடைபெறுகின்றது. வாயிலுக்கு அப்பால், 2014-ல் திறக்கப்பட்ட துருநிறக் கட்டடமொன்று அந்நாட்களின் வரலாற்றைக் காத்து நிற்கின்றது.

உழைப்பின் மாண்பு உழைக்கும் மனிதனிடமிருந்தே பிறக்கின்றது எனத் திருத்தந்தை 1981-ல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். கப்பல்கள் போய்விட்டன, அப்படிப்பினை போகவில்லை. ஒரு சகோதரிக்காக ஒரு தளமே கையோய்ந்து நின்றதை எண்ணிப் பார்ப்போம். நம் பங்கில், நம் தெருவில், வேலையிழந்து வாடும் ஒரு குடும்பத்தின் கதவை நாம் இம்மாதம் தட்டினோமா?